நிறுத்து என்று யார் சொன்னாலும்

வங்கியிலிருந்து பேசுகிறேன்.
உங்கள் பணம் ஆபத்தில் இருக்கிறது.

ஒன்பது வருடமாக என் பிழைப்பு
இந்த இரண்டு வாக்கியம்.
திருடனுக்கும் இவைதான்.
அவன் குரலில் கனிவு அதிகம்.
எனக்கு இன்று ஜலதோஷம் வேறு.

க்தினியா நகரம், இரவு இரண்டேகால்.
ஜன்னலுக்கு வெளியே பனி
விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
ஆறிப்போன தேநீரில் ஒரு எலுமிச்சைத் துண்டு.
திரையில் ஒரு வரி சிவந்தது:
ஸெனோன் க்ரூபா, வயது ஐம்பத்திரண்டு,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
நாற்பத்தொன்பதாயிரம் ஸ்வோட்டி,
நேற்றுப் பிறந்த ஒரு கணக்குக்கு.
இன்னும் ஒரு விரலழுத்தம் பாக்கி.

அழைத்தேன். எடுத்தார்.
பின்னால் காற்று, இரும்பின் உறுமல்.
என் வாக்கியங்களைச் சொன்னேன்.
"அவரும் இதைத்தான் சொன்னார்.
இன்னொரு போனில் இப்போதும் இருக்கிறார்.
பெயர், ஊழியர் எண் எல்லாம் தந்தார்.
உன் எண் என்ன?"

சொன்னேன்.
சொல்லும்போதே என் காதில் விழுந்தது
ஒரு எண் எவ்வளவு மலிவு என்று.
போக்னா என்றேன். பெயரும் மலிவுதான்.
அவர் பிறந்த தேதியைச் சொல்லலாம்;
அவன் முன்பே சொல்லியிருப்பான்.
சனிக்கிழமை எந்தக் கடையில் மீன் வாங்கினார் என்று சொல்லலாம்;
அதுவும் அவனிடம் இருக்கக்கூடும்.
உண்மையைச் சொல்ல என் கையில்
பொய்யின் சாமான்கள் மட்டுமே.

"எதையும் அழுத்தாதீர்கள்" என்றேன்.
"என்னையும் நம்பாதீர்கள்.
இரண்டு போனையும் வைத்துவிட்டு
அட்டையின் பின்பக்கத்து எண்ணை
நீங்களே அழையுங்கள்."

காஷுபிய மொழியில் ஒன்று சொன்னார்.
அப்பா வழியில் எனக்கு அது புரியும்.
எழுத முடியாது.
வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு பல் மருத்துவர்
எவ்வளவு மரியாதையாக நன்றி சொன்னாள்!
சொல்லிவிட்டு அவனிடமே திரும்பிப்போய்
அழுத்தினாள்.
அதிலிருந்து வசவு கேட்டால்
கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

சிவப்பு வரி அப்படியே நின்றது.
வரிசையில் முப்பத்தொரு பேர்,
காத்திருப்பவர்களின் காதில் அந்தப் பாழாய்ப்போன பியானோ.
தள்ளி முன்னே வரச்சொல்ல எனக்கு வழியில்லை.
எலுமிச்சைத் துண்டைத் தின்றேன், தோலோடு.

இருபத்தாறு நிமிடம்.
ஆறு பேர் இருக்கும் அறையில்
அவர் அழைப்பு எனக்கே வந்தது தற்செயல்.
"வணக்கம்" என்று முடிப்பதற்குள்
"அந்த மூக்கடைப்புதானே நீ?" என்றார்.

எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத சான்று.

பூட்ட வேண்டியதைப் பூட்டினேன்.
பிறகு, கேட்கக் கூடாதுதான், கேட்டேன்:
என்னை நம்பவில்லையே, ஏன் அழுத்தவில்லை?

"நான் இருப்பது நாற்பது மீட்டர் உயரத்தில்.
கீழே ஒருத்தன் கைகாட்டுவான்.
தூக்கு, இறக்கு, இடம், வலம்.
அதற்கெல்லாம் அவன் ஒருவன் கைதான்.
வேறு யார் காட்டினாலும் எனக்கு அது காற்று.
ஆனால் நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்துவேன்.
குடிகாரன் காட்டினாலும்,
வழிதவறி வந்தவன் காட்டினாலும்.
நிறுத்தினால் என்ன?
பெட்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் ஆடும்.
அவ்வளவுதானே."

அவ்வளவுதான்.
நாற்பத்தொன்பதாயிரமும் உள்ளே கிடக்க
இருபத்தாறு நிமிடம் ஆடியிருக்கிறது பெட்டி.

"அப்போது திட்டியதற்கு..." என்று இழுத்தார்.
வேண்டாம், பான் ஸெனோன்.
அடுத்த முறை நான் அழைத்தாலும் திட்டுங்கள்.

சிரித்தார் என்று நினைக்கிறேன்; காற்றாகவும் இருக்கலாம்.
"பாலில் தேனும் பூண்டும் தட்டிப்போட்டுக் குடி" என்றார்.
வாயெல்லாம் நாறுமே என்றேன்.
"போனில் யாருக்குத் தெரியப்போகிறது?"